ரெண்டாம் நம்பர் பட்டன்

என் தங்கத் தம்பி செந்திலுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஸ்பீடு பிரேக்கர் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே காளவாசலில் இருந்து நம் தெருவுக்குள் வருவதற்குள் இன்னும் சில புதிதாகப் போட்டுவிட்டார்கள். உன் காரின் வயிறு தரையில் உரசும்போது நீ பல்லைக் கடிப்பாயே, ஒவ்வொன்றையும் தாண்டும்போது அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் ஆட்டோவில் போகிறேன். ஆட்டோ எங்கேயும் உரசுவதில்லை.

களைப்பாக இருக்கிறதடா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதை மறைக்கவே பாடுபட வேண்டியிருக்கும். நீ ஒரு நாள் மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதோடு உன் வேலை முடிந்தது, என் வேலை ஆரம்பித்தது. டயர் கடையைக் கைமாற்றிவிடுவது, பேங்க், வாரிசுச் சான்றிதழ் என்று அலைச்சல். அம்மா அப்பா இல்லை, உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. எல்லாத் தாளிலும் ‘உறவுமுறை’ என்ற இடத்தில் ‘அக்கா’ என்று நான்தான் எழுதினேன். முதலில் எழுதும்போதெல்லாம் நீ கூப்பிடுவது போலக் கேட்டது. பிறகு வெறும் மூன்று எழுத்து ஆகிவிட்டது.

கடைசியாக மிஞ்சியது அந்த நீலக் கார்.

ஞாபகம் இருக்கிறதா, கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். ரெண்டே கதவு. ஏறுவதென்றால் பாயில் உட்காருவது போலக் குனிந்து இறங்க வேண்டும். உன் மச்சான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, இம்புட்டுத் துட்டக் குடுத்து ரெண்டு கதவுதானா? மிச்சக் கதவு பின்னாடி லாரியில வருதா?” என்றார்.

“நமக்கு எதுக்கு மச்சான் நாலு கதவு? எங்க அக்கா ஒரு ஆளு. அது முன்னாடி உக்காந்துக்கிரும்.”

“கியர் போடாம ஓட்டுற காரு எம்புட்டோ வந்துருச்சேப்பா.”

“அது கிரைண்டர் மச்சான். சுவிட்சப் போட்டு விட்டா அதுவா ஆடும். இதுதான் காரு.”

நான் சந்தனம் குழைத்துப் பானெட்டில் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நீ டிரைவர் கதவைத் திறந்து அந்தப் பட்டன்களைக் காட்டினாய். ஒன்று, ரெண்டு, பக்கத்தில் ‘செட்’. நமக்குத் தோதாகச் சீட்டை நகர்த்திக்கொண்டு, செட்டை அழுத்தி ஒன்றை அழுத்தினால், அந்த இடத்தைச் சீட் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு யார் உட்கார்ந்து எப்படி மாற்றினாலும், ஒன்றை அழுத்தினால் போதும், தானாக நம் இடத்துக்குத் திரும்பிவிடும். “கியர் வண்டிக்கு இது ரொம்ப அவசியம்க்கா,” என்றாய். “கிளட்ச அடி வரைக்கும் மிதிக்கணும். சீட்டு கொஞ்சம் தள்ளியிருந்தாலும் கால் பாதியில நின்னுரும், கியரு கரகரன்னு கத்தும்.”

“எனக்கு எதுக்குடா அதெல்லாம்,” என்றேன். நீ கார் ஓட்டப் பழகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன பதில் அதுதான்.

நீ போன பிறகு ஓட்ட ஆள் இல்லை. உன் மச்சானுக்கு அந்தக் கார் சரிப்படாது. உன் மருமகன் கார்த்தி சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் அமாவாசைக்கு அமாவாசை உன் படத்துக்குப் படைத்துவிட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவேன். சீட்டை முன்னால் நகர்த்தி அடியில் துடைப்பேன். முடித்ததும் ஒன்றை அழுத்துவேன். ம்ம்ம் என்று முனகிக்கொண்டு சீட் பின்னால் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். அம்புட்டு நீளக் காலடா உனக்கு. அது நிற்கும்போது, நீ வந்து உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஐயர் சொல்லித் தந்த சடங்கில் இது இல்லை. இருந்தாலும் செய்தேன்.

ஒரு தடவை பேட்டரி இறங்கிவிட்டது. உன் கடையில் இருந்த ரபீக்கைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டு, “மாத்தணும்க்கா. கழட்டி மாட்டினா சில வண்டியில சீட்டு மறந்துரும்,” என்றான். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் போனில் அகராதி வைத்துக்கொண்டு உன் காரின் இங்கிலீஷ் கையேட்டைத் தட்டுத் தடுமாறிப் படித்தவள் நான். அதில் இதற்குப் பதில் இல்லை. ரபீக் வேறொரு பேட்டரியை வயரில் தொடுத்து, மின்சாரம் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் மாற்றிக் கொடுத்தான். ஒன்றை அழுத்தினேன். போயிற்று, நீ உட்காரும் இடத்துக்கே. மீனாட்சிக்கு ஒரு நெய் விளக்கு ஏற்றினேன்.

ரெண்டாம் நம்பரைப் பற்றி உன்னிடம் ஒரு வழக்கு இருக்கிறது.

உன் காரியம் முடிந்த வாரம் கார்த்திதான் அதை அழுத்தினான். சீட் மடமடவென்று முன்னால் வந்து, மேலே ஏறி நின்றது. “அம்மா, இங்க வந்து பாரு. யாரோ உன் ஒசரத்துல ஒரு ஆளு ஓட்டியிருக்காங்க. மாமா பெரிய ஆளும்மா!” என்றான்.

எத்தனை ஜாதகம் கொண்டுவந்தேன் உனக்கு. “பாப்போம்க்கா” என்பதைத் தவிர வேறு பதில் உண்டா? அதற்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள், உன் காரை ஓட்டும் அளவுக்கு நெருங்கியவள், யாரிடமும் சொல்லி அழ முடியாதவள். ரபீக்கிடம் விசாரித்தேன். “சத்தியமா தெரியாதுக்கா, அண்ணே சாவிய எங்கக்கிட்டயே குடுக்காது,” என்றான். அவள் என் உயரம் என்றால் என் ரவிக்கை அளவே சரியாக இருக்கும் என்று நினைத்து, ஒரு புடவைகூட எடுத்து வைத்தேன். உன் வருஷத் திதிக்கு ஓர் இலை கூடுதலாகப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. உன் மச்சான், “யாருக்கு இந்த எலை?” என்று கேட்டார். “வர்றவங்களுக்கு,” என்றேன்.

இந்த வருஷம் காரை விற்றுவிடலாம் என்று சொன்னது நான்தான், வேறு யாரையும் குறை சொல்லாதே. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாதா, நின்றே கிடக்கும் காருக்கு இன்சூரன்சும் டயரும் எம்புட்டு இழுக்கும் என்று? அதைவிட, அந்த அமாவாசைப் படைப்பு முடிந்து ஷெட்டுக்கு நடக்கும் நடை எனக்கு முடியவில்லை. “இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் இப்படி?” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நானே கேட்டுக்கொண்டேன். திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு தடவை, கடைசியாக, ஒன்றை அழுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை உன் மச்சான் காரைக் கழுவ வெளியே எடுத்தார். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சாவியைப் போட்டு ஒன்றை அழுத்தினேன். சீட் அசையவே இல்லை. மறுபடி அழுத்தினேன். அது தன் இடத்தில்தான் இருக்கிறோம் என்பது போலச் சும்மா இருந்தது.

“என்னங்க, சீட்ட என்ன பண்ணுனீங்க?”

“கிளட்ச்சு எட்டலத்தா. முன்னாடி தள்ளுனேன்.”

“அப்புறம்?”

“செட்டுன்னு போட்டிருந்துச்சு. அழுத்துனா ஆடாம நிக்கும்னு நெனச்சேன். அப்புறம் ஒண்ண…” என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “ஏன், தப்பாப் போச்சா?”

பேட்டரியிடம் இருந்து காப்பாற்றியதைக் கட்டைவிரலிடம் விட்டுவிட்டேன். அவரைத் திட்டாதே. அவர் தோளில் கிடந்த ஈரத் துணியோடு அப்படியே நின்றார். அவருக்குத் தெரியாது. நான் அமாவாசையில் என்ன செய்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லையே.

திரும்ப வைத்துவிடலாம் என்று பார்த்தேன். உன் சட்டை அளவு தெரியும், செருப்பு அளவு தெரியும், உன் காபிக்கு எவ்வளவு சீனி, உன் தோசைக்கு எவ்வளவு எண்ணெய், எல்லாம் தெரியும். சீட்டை மட்டும் எவ்வளவு பின்னால் கொண்டுபோவது என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளினேன், அதிகம் என்று தோன்றியது. இழுத்தேன், குறைந்துவிட்டது. உள்ளே போய் பீரோவில் இருந்து உன் பேண்ட் ஒன்றை எடுத்து வந்தேன். இடுப்பைச் சீட்டின் முதுகோடு வைத்து, காலை நீட்டி, நுனி கிளட்சில் படுமாறு விரித்தேன்.

உன் மச்சான் எட்டிப் பார்த்தார். “என்னத்தா செய்யிற?”

“அளவு பாக்குறேன்.”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பேண்ட் நீளம் சொல்லும். முட்டி எவ்வளவு மடங்கும் என்று சொல்லுமா? சாய்ந்து உட்காருவாயா, நிமிர்ந்தா? உன் பக்கத்துச் சீட்டில் எத்தனை தடவை வந்திருக்கிறேன். ரோட்டைப் பார்த்தேன், ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்தேன், கோயில் கோபுரம் தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உன்னைப் பார்க்கவில்லை. உன் அளவு எனக்குத் தெரியவில்லை, செந்தில். வாசல் வெயிலில் அந்தப் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நீ ரெண்டாவது தடவையாகப் போனது போல இருந்தது.

பேண்டை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் இடம் என்று இத்தனை நாள் நான் உட்காராத சீட். நாளைக்கு எல்லாமே கைமாறிப் போகிறது, அந்தப் பெண்ணின் அளவையாவது ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று ரெண்டை அழுத்தினேன்.

சீட் என்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. மெதுவாக மேலே ஏறியது. முதுகு நிமிர்ந்தது. நின்றது. ஸ்டீயரிங்குக்கு மேலே பானெட் முழுசாகத் தெரிந்தது. என் இடது கால் தானாகக் கிளட்சின் மேல் போய் உட்கார்ந்தது. மிதித்தேன். அடி வரைக்கும் போனது. முட்டி லேசாக மடங்கியே இருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கார்த்தி அன்றைக்கே சொன்னான், என் உயரம் என்று.

வண்டியூர் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த ஒரு காலை. தெப்பக்குளத்து ஓரமாகக் காரை நிறுத்தினாய். “அக்கா, இந்தப் பக்கம் வந்து உக்காரு. போட்டோ எடுக்கணும்.” மாட்டேன் என்றேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாய். கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் காலையே பார்த்துக்கொண்டு, சீட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தாய்.

“எடது காலால அமுக்குக்கா. இன்னும். நல்லா அடி வரைக்கும்.”

“போட்டோவுல காலு எங்கடா தெரியப் போகுது?”

“மூஞ்சியில தெரியும்க்கா. எட்டாட்டி மூஞ்சி கோணிரும்.”

கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. போன் சத்தம் என்று நினைத்தேன். “ஆச்சு, எறங்கு,” என்றாய். போட்டோ எங்கே என்று கேட்டதற்கு, “ஆடிருச்சுக்கா, நல்லா வரல,” என்று சிரித்தாய்.

ஏண்டா சொல்லவில்லை? நானாக வந்து கேட்கட்டும் என்று இருந்தாயா? ஒரு வருஷம் அந்தப் பெண்ணைத் தேடினேனே, பாவி. அவளுக்கென்று எடுத்த புடவை என் பீரோவிலேயே, என் ரவிக்கை அளவிலேயே இருக்கிறது. அந்தக் கூடுதல் இலையும் எனக்குத்தானா?

நான் உட்கார்ந்தபடியே உன் மச்சானைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர், என்னை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பார்த்துவிட்டு, சீட்டையும் என் காலையும் பார்த்தார்.

“ரெண்டு நான்தாங்க,” என்றேன்.

“ஆமாத்தா,” என்றார். “மாப்ள கில்லாடி.”

“அந்த திண்டுக்கல்காரருக்குப் போன் போடுங்க. வண்டி குடுக்கலன்னு சொல்லுங்க.”

“ஏன்னு கேட்டா?”

“ஓட்ட ஆளு இருக்குன்னு சொல்லுங்க.”

உடனே களைப்பு போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். விடிகாலையில் ரபீக் வந்து ரிங் ரோடு பக்கம் ஒரு வெற்றுத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். என்ஜின் நிற்கிறது, மறுபடி போடுகிறேன், மறுபடி நிற்கிறது. “கிளட்ச டக்குன்னு விடாதீங்கக்கா, அண்ணே மாதிரி அலுங்காம விடுங்க,” என்கிறான். ரெண்டாவது கியர் விழும்போது மட்டும் உள்ளங்கையில் ஏதோ சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் தொடை வலிக்கிறது, உலை வைக்கவே நேரமாகிவிடுகிறது. வீட்டுக் கணக்கில் இத்தனை நாள் ‘தம்பி கார்’ என்று எழுதிவந்தேன். இந்த மாசம் ‘கார்’ என்று மட்டும் எழுதினேன். அதற்கே கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றாம் நம்பரை மாற்றவில்லை. அதை அழித்துவிடவா என்று உன் மச்சான் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அவர் தொப்பைக்குத் தோதான இடம் அது, மழை வந்தால் உள்ளே விட உதவும். உன் இடம் போனது போனதுதான். அதை எங்கேயும் தேட மாட்டேன்.

வாக்கு ஒன்று தருகிறேன். வரும் ஆடி அமாவாசைக்கு உனக்குப் படைத்துவிட்டு, அந்தப் புடவையை நானே கட்டிக்கொண்டு, ரெண்டை அழுத்தி, தெப்பக்குளம் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்கு நிறுத்திய அதே ஓரத்தில் நிறுத்துவேன். போட்டோவும் எடுப்பேன். ஆடாது. வழியில் ஸ்பீடு பிரேக்கரில் வயிறு உரசினால் பொறுத்துக்கொள், பல்லை நான் கடித்துக்கொள்கிறேன். போயிட்டு வாரேன்டா.

கிளட்ச் எட்டுகிற,
உன் அக்கா