அம்மாவின் காலும் ஆக்சிஜன் சென்சாரும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டில் நோய்ப்பட்டது கார் ஒன்றுதான், அதுவும் தேறிவிட்டது. அம்மா போனில் ஏதாவது சொல்லியிருப்பாள், நடந்ததை நானும் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

மூன்று மாதமாகக் கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. பத்து நாள் வரும் டேங்க் ஆறு நாளில் வற்றியது. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது, பத்தொன்பது வயது வண்டியில் ஏதாவது எரியத்தான் செய்யும் என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். பின்னால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றாள் அம்மா, அது தெருச் சாக்கடை என்றேன். கண் மருத்துவமனை வேலைக்குத் தினமும் ஓட்டிப் போகிறவள் அவள், ஆகவே குற்றம் அவளது வலது காலில்தான் என்று முடிவு செய்து, "ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னா இவ ஏறி நிக்கிறா" என்று உன் சித்தி குடும்பத்தின் முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ்ஸில் போனாள். பழைய முழங்கால் வலியோடு, இரண்டு பஸ் மாறி, பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் காரை நான்தான் ஓட்டினேன். டேங்க் அப்போதும் ஆறு நாளில்தான் வற்றியது. யோசித்துப் பார்த்தேன், வேறு விளக்கம் கிடைக்கவில்லை, மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் டேப்பைப் பிய்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்கேனரைச் சொருகியதும் ஆக்சிஜன் சென்சார் கோளாறு என்று வந்தது. உடனே மாற்றிவிடவில்லை, புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா, ஒயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு இன்ஜினைச் சூடாக்கி, சென்சார் தரும் அளவை ஸ்கேனர் திரையில் காட்டினார், ஏறி இறங்க வேண்டிய எண் ஒரே இடத்தில் நின்றது. "புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாத்துச் சொல்றதுதான் சார் இதோட வேலை. இது பொய் சொல்லுது, இன்ஜின் நம்பி பெட்ரோலை ஊத்துது. யார் ஓட்டினாலும் இப்படித்தான் குடிக்கும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பழைய சென்சார் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது, எண்ணெய் அடித்து ஊறவிட்டு மூன்றாவது முயற்சியில் கிறீச்சென்று கழன்றது, முனையெல்லாம் கரி. புதியதைக் கையாலேயே மரையில் திருகி ஏற்றி, பிறகு இறுக்கினார். விளக்கு அணைந்தது, எண்ணும் ஏறி இறங்கியது.

பழையதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சென்சாரை மேஜைமேல் வைத்து அது வேலை செய்யும் விதத்தைக் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதுல என் கால் எங்க வருது?" என்றாள். வரவில்லை என்றேன். "அப்போ?" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் நான் சொல்லாததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று. குக்கர் சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். அடுப்பில் குக்கரே இல்லை. மறுபடியும் சொன்னேன். அதோடும் விடவில்லை, எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தானே திருப்பி எடுக்க வேண்டும் என்றாள். சித்திக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சித்தப்பாவும் கேட்டார், பிள்ளைகளும் கேட்டார்கள், இந்த முறையும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் ரொம்ப நேரம் சிரித்தாள். அப்புறம் ஒத்தடத் துணியை என் கையில் கொடுத்து, "தண்ணி ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டாங்க" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீங்கள் இருவரும் மனமொத்து, நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். மாப்பிள்ளையிடம் இதை அப்படியே படித்துக் காட்டு, படிக்கும்போது அவர் முகத்தைக் கவனி. குளிருக்குக் காதை மூடிக்கொள்ள மறக்காதே.

உன் அன்புள்ள,
அப்பா