எந்த மருமகன்?

இன்று காலை கடைத்தெருவில் வாங்கி வந்த உளுந்து வடைப் பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணெய் ஊறிய பழைய பத்திரிகைத் தாளில் ஒரு முதியவரின் முகம். மேலே ‘மரண அறிவித்தல்’ என்று தடித்த எழுத்து. கீழே மனைவி, பிள்ளைகள் பெயர்கள் முடிந்து ‘மருமகன்கள்’ என்று தொடங்கும் இடத்தில் தாள் கிழிந்திருந்தது. “எந்த மருமகன்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். நீ இருந்திருந்தால் மீதித் தாளைக் கேட்டு வடைக்காரரிடமே போயிருப்பாய்.

உனக்குப் பத்திரிகை என்றாலே அந்தப் பக்கம்தான். ஜொகூர் பாருவில் நாம் வேலை செய்த தொழிற்சாலையின் பஸ்ஸில் மற்ற பெண்களெல்லாம் தூங்கி வழிவார்கள். நீ செத்தவர்களைப் படித்துக்கொண்டு வருவாய். லாபிஸ் தோட்டத்தில் உபதேசியாராக இருந்த உன் அப்பா, கல்லறைத் திருநாள் ஜெபத்துக்காக அந்த அறிவித்தல்களை வெட்டி நோட்டுப் புத்தகங்களில் ஒட்டி வைத்தவர். அவருக்குப் பிறகு கத்தரிக்கோல் உன் கைக்கு வந்தது. ‘லாபிஸ்’ என்று ஒரு சொல் இருந்தால் போதும், அவரைப் போலவே இந்துவா கிறிஸ்துவரா என்று பார்க்காமல் வெட்டிவிடுவாய். “வீட்டுல பொணத்த சேத்து வச்சிருக்கா” என்று உன் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். “அதுங்க என்ன சோறா கேக்குது?” என்பாய்.

எங்கள் வீட்டில் நேர் எதிர். அபசகுனம் என்று அப்பா அந்தப் பக்கத்தைத் தொடவே மாட்டார். சொந்தபந்தம் பற்றிக் கேட்டால் “எனக்கு யாரும் இல்ல” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அம்மாவும் கூடப்பிறந்தவர் இல்லாதவள், நானும் ஒற்றைப் பிள்ளை. அது ஒரு குறையாகவே எனக்குத் தெரிந்ததில்லை, என் மகள் மாலதிக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை. தட்டு மாற்றிய கையோடு சம்பந்தியம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்: “பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க?” மாலை போட்டு அவளை மேடைக்கு அழைத்து வர எனக்கு ஓர் அண்ணனோ தம்பியோ வேண்டும். நான் எங்கே போவேன்? அப்பாவும் அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. உன் வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன். நீ ஒரு துண்டை எடுத்து என் மடியில் போட்டாய்.

“அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம். உங்கப்பா பொட்டியில என்ன இருக்கு, அத சொல்லு.”

பெட்டியில் கைலிகளுக்கு அடியில் ஓர் உயிலின் நகல் இருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. லாபிஸில் இருந்த கருப்பையா என்பவர், தன் ரப்பர்க் காணியைத் தன் ‘சன்-இன்-லா’ இருவருக்கும், முத்துசாமிக்கும் வீராசாமிக்கும், பாதிப் பாதியாக எழுதியிருந்தார். வீராசாமி என் அப்பா. அவருடைய அடையாளக் கார்டு எண்ணே அதில் இருந்தது. கருப்பையாவின் மகளைக் கட்டியவர் என்றால், என் அம்மாவுக்கு முன்னால் அப்பாவுக்கு இன்னொரு பெண்டாட்டியா!

“அலமாக், உங்கப்பா கில்லாடி லா!” என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்தார். “இங்க பாரு, உயில் எழுதுனவனும் பேச்சுக்குப் பேச்சு லா போடுற நம்ம ஊருக்காரன்தான். சன்-இன்-லாவாம். கடைசியில லா போட்டிருக்கான்.”

அந்த முதல் பெண்டாட்டியைத் தேடி இரண்டு மாதம் லாபிஸுக்கும் ஜொகூர் பாருவுக்குமாக உன் சின்னக் காரில் அலைந்தோம். கோயில் ஐயர், சர்ச் பாதர், பழைய தோட்டத்து ஆட்கள், ஒருவரையும் நீ விடவில்லை. போகிற இடமெல்லாம் என்னை “இளைய தாரத்து மக” என்று அறிமுகம் செய்தாய். நான் உன் இடுப்பில் கிள்ளுவேன். அந்த அம்மாவைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் எனக்குப் போன் செய்தாய். உன் அப்பாவின் நோட்டில் கருப்பையாவின் அறிவித்தல் கிடைத்திருந்தது.

“நல்லா கேளு, பார்வதி. மருமகன்கள் முத்துசாமி, வீராசாமி. அவ்வளவுதான். மக எங்க?”

“விட்டுப் போயிருக்கும்.”

“ஏன்டி, மகள விட்டுட்டு மருமகன மட்டும் எவனாச்சும் போடுவானா? அக்கா மகனும் மருமகன்தானே!”

சட்டென்று விளங்கியது. கருப்பையா தன் வாயால் ‘மருமகன்’ என்று சொல்லியிருக்கிறார். தட்டச்சு செய்த ஆபீஸ் கிராணி, மகளைக் கட்டியவனா அக்காள் பிள்ளையா என்று கேட்காமல் ‘சன்-இன்-லா’ என்று அடித்துத் தள்ளியிருக்கிறார். ஒரு சொல்லில் அப்பாவின் முதல் பெண்டாட்டி மறைந்துபோனாள். அந்த இடத்தில் அப்பாவுக்கு ஓர் அண்ணன் வந்து நின்றார். கருப்பையா அப்பாவுக்குத் தாய்மாமன். முத்துசாமி எனக்குப் பெரியப்பா. பெரியப்பாவுக்கு மகன் இருந்தால் அவர் எனக்கு அண்ணன், மாலதிக்குத் தாய்மாமன்.

முத்துசாமி உன்னுடைய நோட்டிலேயே இருந்தார். லாபிஸில் பிறந்தவர், கோத்தா திங்கியில் இறந்தவர், ஒரே மகன், வீட்டு முகவரி. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: ‘தம்பி வீராசாமி, எங்கிருந்தாலும் வரவும்.’ அந்தப் பத்திரிகை வந்த அன்று அப்பா உயிரோடுதான் இருந்தார், ஒரு மணி நேரத் தூரத்தில், அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். “உன் பெரியப்பாவ நானே பசை தடவி ஒட்டிட்டு, மறுநாள் உன் பக்கத்துல உக்காந்து வேல பாத்திருக்கேன் பாரேன்!”

கோத்தா திங்கியில் அந்த முகவரியில் வேறு யாரோ இருந்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து பெரியப்பா மகன் குடும்பம் மேட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொல்லி வழி காட்டினார்கள். கேட்டைத் திறந்தவர் கைலியும் பனியனுமாக, கையில் ரம்புத்தானோடு நின்றார். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீதான் பேசினாய்.

“அண்ணே, இது உங்க தங்கச்சி, வீராசாமி மக. நாப்பது வருசம் லேட்டா வந்திருக்கா, கோவிச்சுக்காதீங்க லா.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “எங்கப்பா மூக்கு” என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, “ஏம்மா, சோறு கூடப் போடு!” என்று கத்தினார். காணியை விற்பதா வேண்டாமா என்று ஒருநாள் எங்கள் அப்பாக்கள் இருவருக்கும் வார்த்தை தடித்துப்போனதாம். அதற்குத்தான் இத்தனை வருடம்.

கல்யாணத்தன்று அண்ணன் மாலை போட்டு மாலதியை அழைத்து வந்தபோது மண்டபத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது நீ. கல்யாணத்தில் யாரும் கைதட்டுவதில்லை என்று உனக்கு யார் சொல்வது?

அடுத்த வருடம் நீ போனாய். உன் அறிவித்தலை எழுதித் தரச் சொல்லி உன் மகன் என்னிடம்தான் வந்தான். “எல்லா பேரையும் போடுங்கடி, பின்னால எவளாச்சும் தேடுவா” என்று நீ சொல்வாயே, அதன்படி ஒருவரையும் விடாமல் எழுதினேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“ஆன்ட்டி, சகோதரிகள்ல மரியாள், லூர்துமேரி இருக்கு. அடுத்து பார்வதின்னு இருக்கே, தப்பா வந்திருச்சா?”

“தப்பு இல்லம்மா. அப்படியே போடு.”

அப்படியே வந்தது. வெட்டி உன் நோட்டில், உன் பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நோட்டுகள் இப்போது என் வீட்டில். இன்று காலை வடைத்தாளையும் துடைத்து உள்ளே வைத்தேன். என்றைக்காவது உன் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ, கிறிஸ்துவக் குடும்பத்தில் இந்தப் பார்வதி எப்படி வந்தாள் என்று மண்டையை உடைத்துக்கொள்வாள். அலையட்டும், நாம் அலையவில்லையா? மாலதியிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: யாராவது தேடி வந்து கேட்டால், ஆமாம், உங்க பாட்டி எங்க பெரியம்மாதான் என்று சொல்லிவிடு.

“அதுல பொய் என்னம்மா இருக்கு?” என்றாள்.