‘வ’ என்றால் என்ன

18 மே 2025, ஞாயிறு

கிள்ளானில் கலா வீட்டு வாசலில் கயாக்கைக் கழுவினோம். இடுக்கெல்லாம் சேறு. எட்டு வருடமாக ஒரே படகு. அவள் முன்னால், நான் பின்னால். பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும். நீர் ஏறும், வடியும் நேரங்களைக் குறித்து வைப்பதும் நான்தான்.

எங்கள் மூன்று நாள் பயணம் ஜூன் 13 தொடங்கி என்று முடிவானது. வெள்ளி, கிள்ளானிலிருந்து மோரிப் வரை சைக்கிள். சனி, கரையோரமாக பத்து லாவுட் வரை நடை. ஞாயிறு, அலையாத்திக் காட்டு ஓடையில் கயாக். ஐம்பது ஆவதற்குள் செய்துவிட வேண்டும் என்று கலா ஜனவரியிலிருந்து சொல்கிறாள்.

“மழ வந்தாலும் போறோம், உஷா. பல்லு வலின்னு படுத்துக்காத.”

பல் வலித்தது ஒரே ஒரு முறை.

26 மே

பயணத் திட்டமும் நீர் நேரங்களும் எழுதிய என் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் கலா. “வீட்டுக்காரரு கேக்குறாரு லா, எங்க போறோம்னு.” எட்டு வருடத்தில் அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அனுப்பினேன்.

8 ஜூன்

கலா கூப்பிட்டாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷனாம், வியாழனே ஈப்போ போகிறாளாம். “மனசே சரியில்ல உஷா. ஆகஸ்டுல கண்டிப்பா போறோம்.” குரல் அழுகிற மாதிரி இருந்தது. நான்தான் சமாதானம் சொன்னேன்.

10 ஜூன்

வேலை முடிந்து கிள்ளான் வரை ரயிலில் போய், மாமியாருக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் டின் கொடுத்துவிட்டு வந்தேன். கலா உள்ளே கூப்பிடவில்லை. அவசரமாம்.

13 ஜூன், வெள்ளி

போட்ட லீவை ரத்து செய்யவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். எங்கும் போகவில்லை.

15 ஜூன், ஞாயிறு

காலை எட்டே முக்கால். முகநூலில் சுகுமாறன் படம் போட்டிருக்கிறார் — பூச்சோங் கயாக் குழுவை நடத்துபவர், மார்ச்சில் ஒரு தடவை எங்களோடு வந்தவர். ஓடை முகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் எங்கள் கயாக். அதில் பின் இருக்கையில், என் இடத்தில், கலா.

அடுத்த படம் என் நோட்டின் பக்கம். ஓரத்தில் என் காப்பிக் கறைகூட இருக்கிறது. கீழே அவர் எழுதியிருப்பது: “மூனாவது நாள்! கலா அக்கா போட்ட டேபிள். 9.10க்கு தண்ணி வரும், 3.30க்கு கரையேறணும். கெளம்பிட்டோம்!”

மூன்றாவது நாள். அப்படியானால் சைக்கிளும் நடையும்கூட.

பிறகுதான் அந்த நேரங்கள் உறைத்தன. நான் எழுதியிருந்தது இவ்வளவே: வ 9.10. ஏ 3.30. வ என்றால் வடியும். ஏ என்றால் ஏறும். அவள் வ-வை ‘வரும்’ என்று படித்திருக்கிறாள். ஏ-யை ‘கரையேறு’ என்று. வற்றுகிற நேரத்தில் ஓடைக்குள் போகிறார்கள்.

ஏழு தடவை கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள், ஈப்போவில் அல்லவா இருக்கிறாள்! ஐயோ கலா, போன எடுடி. அப்புறமா எவ்ளோ வேணும்னாலும் பொய் சொல்லிக்க, இப்ப எடு —

படத்தின் கீழேயே எழுதினேன்: “தண்ணீர் வடியும் நேரம் இது. உள்ளே போகாதீர்கள்.” யாரோ கட்டைவிரல் போட்டார்.

இரவு. பதினொன்றரைக்குச் சேற்றில் மாட்டி, ஐந்தரை வரை வெயிலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மயக்கம், தெளிந்துவிட்டாராம். சுகுமாறன் மறுபடி எழுதியிருக்கிறார்: “டேபிள் கலா அக்கா போட்டது இல்லியாம், அவங்க கூட்டாளி உஷாராணி போட்டதாம். இனிமே செக் பண்ணிக்குவோம் லா.”

அந்த டேபிள் காலையில் அவளுடையது. மாலையில் என்னுடையது.

16 ஜூன்

வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒரே சாம்பிளை நான்கு தடவை அளந்தேன். நான்கு தடவையும் ஒரே விடை. அளக்காமல் நம்பியது எதை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

21 ஜூன், சனி

கலா பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாள், கையில் அதே ஹார்லிக்ஸ் டின். பிரிக்கவில்லை.

“கோவமா?”

அவளைப் பார்த்தேன்.

“இதான். இப்படித்தான் பாப்ப. நீ வந்தா எல்லாரும் பேசுறத நிறுத்திருவாங்க, உஷா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மணி பாப்ப, மேகத்தப் பாப்ப. ஒரே ஒரு தடவ சிரிச்சிக்கிட்டே போவணும்னு நெனச்சேன் லா. தப்பா?”

“போனது தப்புன்னு நான் சொல்லலியே. என் பேர ஏன் சொன்ன?”

“பின்ன? பன்னெண்டு பேரு என்னையே பாக்குறாங்க. ஒருத்தரு மயங்கிக் கெடக்குறாரு. நான் என்னதான் சொல்றது?”

“வ-ன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்.”

டின்னை மேசைமேல் வைத்தாள். பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல, “சரி, வ-ன்னா என்ன?” என்றாள்.

எட்டு வருடம். என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் உட்கார்ந்திருந்தவள். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுப் போனாள். டின் மேசைமேல் இருக்கிறது.

நான் மணி பார்ப்பது உண்மைதான். அது இவ்வளவு பெரிய குற்றமா?

2 ஜூலை

கலா அனுப்பியது: “கயாக்க வித்துறலாமா?” “விற்றுவிடு” என்று எழுதினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

13 ஜூலை, ஞாயிறு

தனியாக ஓடைக்குப் போனேன். கரையில் படகு வாடகைக்கு விடும் அய்யாவு அங்கிள், எங்கள் இருவரையும் பார்த்துப் பழகியவர், இரட்டைக் கயாக்கை இழுத்தார்.

“சின்னது போதும் அங்கிள்.”

“அந்தம்மா வரலியா?”

“இல்ல.”

“நேரம் பாத்து வந்துரும்மா. போன மாசம் ஒரு கூட்டமே சேத்துல மாட்டிக்கிச்சி. எவனோ கண்ணு தெரியாதவன் டேபிள் போட்டுக் குடுத்திருக்கான்.”

“கேள்விப்பட்டேன்,” என்றேன்.

இத்தனை வருடமும் கலாவின் தொப்பிக்கு இருபுறமும் தெரிந்த தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன். இன்று நடுவிலும் இருந்தது. படகு லேசாக இருந்ததால் நேராகப் போகவில்லை. மூன்று தடவை வேரில் மோதினேன். யாரும் சிரிக்கவில்லை. மணியும் பார்த்தேன்.

அடுத்த வாரத்து நேரத்தைக் குறிக்கும்போது பழக்கத்தில் ‘வ’ என்று போட்டுவிட்டேன். பேனாவை எடுக்காமல் மீதியையும் எழுதினேன். வடியும்.