வலை போடாத நூறு நாள்

சுவா நகரம், செவ்வாய்.

என் மரியாதைக்குரிய சைலோசி அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் விடுதிச் சமையல் வேலையில் நலமாக இருக்கிறேன். துடுப்புப் போட்டு வந்த பழைய தோள்வலி குறைந்ததா?

படகு இயந்திரத்துக்கு அரசு உதவி கேட்டு நேற்று மீன்வள அலுவலகம் போனேன். நீங்கள் வாரந்தோறும் எழுதி அனுப்ப நான் பதிந்துவரும் மீன்பிடிக் குறிப்பேட்டை அதிகாரி புரட்டினார்.

“மூணு மாசமா ஒரு மீன்கூட இல்லையே அக்கா. வீட்டுக்காரர் படகுல தூங்கத்தான் போறாரா?”

“எங்க ஊர்த் தலைவர் இறந்துட்டார் தம்பி. நூறு நாளைக்கு எங்க கடல்ல யாரும் வலை போடக் கூடாது.”

வரிசையில் என் பின்னால் நின்றவள், “சும்மா நாலு மீனை எழுதியிருக்கலாம்ல?” என்றாள். போடாத வலைக்கு மீன் எழுத எனக்குக் கை வராது.

அதிகாரி சிரித்துவிட்டார். “சரிக்கா, தடை நீங்குற அன்னிக்குப் பிடிக்கிறதை எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போடுறேன்.”

ஆகவே தடை நீங்கும் சனிக்கிழமையன்று முதல் வலையில் விழும் மீனை, தலைவர் வீட்டில் துக்கம் முடிக்கும் விருந்துக்குக் கொடுக்குமுன் எடைபோட்டு எழுதி, திங்கள் கப்பலில் அனுப்புங்கள். எனக்கென்று மீன் எடுத்துவைக்க வேண்டாம், கெட்டுவிடும். நான் வர முடியாவிட்டாலும், விருந்தில் என் பாயில் மட்டும் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

ஜெப மணி அடிக்கிறது.

தரைவினி