பாட்டுத் தாளின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன், இங்கே அம்மாவின் முழங்காலையும் என் தலையையும் தவிர மற்றதெல்லாம் நலம். தலைக்கு என்ன என்று பயந்துவிடாதே, வலி கிலி ஒன்றுமில்லை, குழப்பம்தான். போனில் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன், நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், நான் ஆச்சும்மா என்கிறேன், அதற்குள் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நம் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உனக்கு அந்தப் பேச்சே ஆகாது என்று தெரியும், இருந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாம். புதிதாக வந்திருக்கும் தலைமைச் சகோதரி, உன்னைவிடச் சின்னவர், வீடு தேடி வந்து நூற்றாண்டு மலருக்குப் பள்ளியின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்றார். வரலாற்று வாத்தியார் இருக்கும்போது ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் எதற்கு என்றேன், அவர் கதை விடுவாரு சார், நீங்கன்னா கரெக்டா எழுதுவீங்க என்றார். அந்தக் கரெக்டுக்கு வந்த சோதனையைக் கேள். அடிக்கல்லில் ஒரு வருடம் இருக்கிறது, முதல் தலைமைச் சகோதரியின் டைரியில் அதற்கு இரண்டு வருடம் முன்பே வகுப்பு நடக்கிறது, பழைய வருகைப் பதிவேடோ இரண்டு வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது. ஆக நூறு வயது ஏற்கெனவே ஆகிவிட்டது, அல்லது இப்போது ஆகிறது, அல்லது இனிமேல்தான் ஆகப் போகிறது. சகோதரியிடம் சொன்னால் எதையாவது ஒண்ணை வச்சுக்கோங்க சார், அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு என்கிறார். நாற்பது வருடம் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டே பழகியவன் நான், எந்த வருடத்துக்குக் கீழே கோடு போடுவது என்று தெரியாமல் நாலு நாள் அலைந்தேன்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு தோல் கிடங்கின் மாடியில் மூன்று கன்னியாஸ்திரிகளும் பதினோரு பிள்ளைகளுமாகத் தொடங்கியதாம். அப்புறம்தான் சர்ச் தன் பக்கத்து மனையைக் கொடுக்க, நீ படித்த மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. பஸ் அந்த வளைவில் திரும்பும்போது இப்போதும் எல்லா வகுப்பிலும் ஆசிரியர்கள் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், சத்தம் போனதும் விட்ட இடத்தில் தொடர்கிறார்கள். காலை ஜெபத்தில் சொல்கிற பிள்ளைகள் பாதி, வாயை மட்டும் அசைக்கிற பிள்ளைகள் பாதி, அதுவும் மாறவில்லை. ஆனால் அந்தப் பள்ளியின் குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது பின்பக்கம்தான். முதல் தலைமைச் சகோதரியை எல்லாரும் பெரிய மதர் என்பார்கள், ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற தாளை எறிகிறவர் என் பள்ளியில் இருக்க வேண்டாம் என்று அவர் போட்ட உத்தரவு அவர் போய்ச் சேர்ந்து ஐம்பது வருடம் ஆகியும் நடந்தது. என் வேலை நியமன உத்தரவே பாடகர் குழுவின் ஒத்திகை அட்டவணைக்குப் பின்னால்தான் அடித்துக் கொடுத்தார்கள், இன்னும் பீரோவில் இருக்கிறது. இந்தச் சிக்கனத்துக்குத் தனி அத்தியாயம் எழுதலாம் என்று கணக்குப் போட்டேன், அதற்குச் சான்று தேடித்தான் ஆலயப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே பாட்டுத் தாள்கள். வருட வாரியாகக் கட்டி வைத்த கட்டுகள். பாடி முடித்ததும் ஒரு தாள் குறையாமல் திருப்பி வாங்கி வைப்பார்களே, உனக்குத் தெரியாததா. ஒரு கட்டை எடுத்துப் பிரித்தேன், சைக்ளோஸ்டைல் மையில் ஒரு துதிப் பாட்டு, திருப்பினேன், பத்தாம் வகுப்பு, கணிதம், அரையாண்டுத் தேர்வு, தாளில் வருடம் இல்லை, கட்டின் மேல் சீட்டில் நீ பத்தாவது படித்த வருடம். நானே தட்டச்சு அடித்த வினாத்தாள். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை நான் நினைவு வைத்திருக்கிறபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு உன் ரஃப் நோட்டு மேஜையில் திறந்திருந்தது, என் வினாத்தாளின் எட்டுக் கணக்கும் வரிசை மாறாமல் போட்டிருந்தாய். கேட்டதற்குப் பாட்டுத் தாளுக்குப் பின்னாடி இருந்துச்சுப்பா, பழைய வருஷத்துதுன்னு நெனச்சு எழுதிட்டு வந்து போட்டுப் பார்த்தேன் என்றாய். நான் நம்பவில்லை. ஏனென்றால் நாற்பது பிரதி ஓடிய பிறகுதான் ஆறாவது கணக்கில் நான் ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருப்பதைப் பார்த்தேன், அந்த நாற்பதையும் என் கையாலேயே சைக்ளோஸ்டைல் மெஷின் ஓட்டும் மை அண்ணனிடம் கொடுத்து எரிக்கச் சொல்லியிருந்தேன், எரிந்த தாளில் எப்படிப் பாட்டு வரும். கீழே இறங்கிப் போய் அந்த அலமாரியைத் திறந்திருந்தால் பத்து நிமிட வேலை. நான் உன்னை இழுத்துக்கொண்டு போய் அப்போதைய தலைமைச் சகோதரி முன்னால் நிறுத்தினேன், அவர் பொறுங்க சார், விசாரிப்போம் என்றார், என் பெண் என்பதால் சலுகை வேண்டாம் என்று நான்தான் குதித்தேன். தேர்வு எழுத விடவில்லை, பாடகர் குழுவிலிருந்து எடுத்தார்கள், வருடம் முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போனவள் அப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தாய்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன். செவ்வக நிலத்தின் சுற்றளவு 34 மீட்டர், மூலைவிட்டம் 13 மீட்டர், நீள அகலம் காண்க என்பது ஆறாவது கணக்கு. தப்பான பிரதியில் 34 என்பது 24 என்று விழுந்திருந்தது. உன் நோட்டிலும் 24 தான் இருந்தது. நல்ல வினாத்தாளை நீ திருடியிருந்தால் 34 அல்லவா இருந்திருக்கும். நீ குற்றமற்றவள் என்பதற்கான நிரூபணம் என் கையிலேயே இருந்தது, நான் அதைப் பார்த்துவிட்டு, திருடினதைக்கூட ஒழுங்காகத் திருடத் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ அழவில்லை. சிரித்த வாத்தியார்கள் இருந்தார்கள். அப்போதே இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு நிரூபணம் சொல்லிக் கொடுத்தவனுக்கு அது எப்படித் தெரியாமல் போனது, தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேனா, எனக்கே விளங்கவில்லை.

மை அண்ணனைத் தேடிப் போனேன். வயதாகிவிட்டது, அந்த மெஷின் மை இன்னும் நக இடுக்கில் இருப்பது போலவே எனக்குத் தெரிகிறது. எரிக்கச் சொன்னேனே என்றேன். ஒரு பக்கம் வெள்ளையா இருக்கிற தாளை எப்படி சார் எரிக்கிறது, பெரிய மதர் கேட்டா யார் பதில் சொல்றது, அதான் பாட்டுக்குக் குடுத்துட்டேன் என்றார் சர்வ சாதாரணமாக. அவர் வேலைக்குச் சேரும்போதே பெரிய மதர் உயிரோடு இல்லை. உன் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாதாம், கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே சார் என்று என்னையே பார்த்தார். கோபப்படத்தான் போனேன், யார் மேல் படுவது என்று புரியாமல் அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னால் காய் நறுக்குவதை நிறுத்தாமல் எனக்கு அப்பவே தெரியும் என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னேன், நீங்கதான் கணக்கு வாத்தியாராச்சே என்கிறாள். சொன்னாளா? எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது மலருக்கு என்ன எழுதுவது. சகோதரி இதெல்லாம் பள்ளி வரலாற்றுல எதுக்கு சார் என்கிறார், சிக்கனத்தைப் பற்றி மட்டும் அழகாக ஒரு பக்கம் போதுமாம். எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் வந்தது, படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். இன்னொன்று நடந்தபடி எழுதினேன், அதில் என் பெயர் இருக்கிறது, உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். போடலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும், இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் முடிவு எடுக்க மாட்டேன். நீ சொல்லாமல் எதையும் அச்சுக்குக் கொடுக்கப் போவதில்லை, மலர் தாமதமானால் ஆகட்டும், எப்படியும் நூறு எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தாள்களில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், சகோதரியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். ஆறாவது கணக்குக்கு நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது. இப்படி ஒரு நிலமே இருக்க முடியாது என்று எழுதியிருந்தாய். நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன் மகளே. இருக்க முடியாது. நீ சொன்னதுதான் சரி, எல்லாமே நீ சொன்னதுதான் சரி. அப்பாவை மன்னித்துவிடு என்று கேட்க நாக்கு கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குட்டிக்குக் கணக்கு வராவிட்டால் திட்டாதே, அவள் ஏதாவது சொன்னால் முதலில் முழுக்கக் கேள். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டீங்களா என்று கேட்ட பிறகு நான் போனை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். பேச வராமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாலும் இருப்பேன், நீயும் வைத்துவிடாதே.

என்றும் உன்
அப்பா