பச்சையிலேயே நின்றது

12 ஆகஸ்ட் 1983, வெள்ளி. ஆம்பூர்.

பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவின் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று இன்றும் நான்தான் சோதித்துக் கொடுத்தேன். கல்லூரியில் படித்த கெமிஸ்ட்ரி இதற்காவது உதவுகிறது. நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்கினால் வழக்கமாகச் செங்கல் நிறம் வரும். இன்று பச்சையிலேயே நின்றுவிட்டது; சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது.

அக்காவின் பருமனுக்கு நடை மட்டும் போதாது, கை காலும் பாரம் சுமக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் நடக்க வீட்டில் விடவில்லை. அக்கா மொட்டைமாடியில் நடந்தாள். பிறகு கிணற்றில் தண்ணீர் சேந்தி, இரண்டு கையிலும் வாளியோடு மாடி ஏறினாள்.

இன்றும் அவள் மாமியார் படியை மறித்து நின்றார். "வேலைக்காரி இருக்கச்சொல்ல மருமக தண்ணி தூக்குறா. தெரு சிரிக்குது."

அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை. "சக்கரையில உங்க தம்பிக்குக் காலை எடுத்தாங்களே மாமி, அப்ப இந்தத் தெருவா வந்து அவரைத் தூக்கிச்சு?"

மாமியார் ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு அந்தத் தைரியத்தில் பாதி இருந்தால் போதும்.

பச்சையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அக்கா கேட்டாள்: "உன்னுது எப்ப பாக்கப்போற எஸ்தர்? பாப்பா பொறந்ததுலேர்ந்து நீயும் ஜாஸ்தியா ஊதிட்டே."

மழுப்பிவிட்டேன். கர்ப்பத்திலேயே எனக்குச் சர்க்கரை இருந்தது. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பாப்பா தூங்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான்.

மருந்து இன்னும் ஒரு தடவைக்கு இருக்கிறது. காலையில் என்னுடையதைச் சூடாக்கப் போகிறேன். எந்த நிறம் வந்தாலும் அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும்.