"உள்ளே 12.14" என்று நிற்கும் அட்டை

அனுப்புநர்:
பொதி கட்டும் பிரிவுத் தொழிலாளி,
பதிவு எண் 318, மீன் பதன ஆலை.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
ஆய்வாளர் அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: என் அக்காவை உறைகிடங்கில் வைத்துப் பூட்டியது, அவருடைய பணி அட்டையை நாளை காலை பத்து மணிக்குள் கைப்பற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வெள்ளிக்கிழமை எங்கள் மேற்பார்வையாளர் என் அக்காவை உறைகிடங்கில் வைத்துப் பூட்டினார். ஐம்பது நிமிடம் கழித்து, சாவி வாங்கிப் போய் நான்தான் திறந்தேன். காலிச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. கதவின் உள்பக்கத்து அவசரக் கைப்பிடி உடைந்து ஆறு மாதமாகிறது. போன முறை வந்தபோது தாங்களும் அதைப் பார்த்தீர்கள், குறித்துக்கொண்டும் போனீர்கள்.

2. எங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் மின்தாள் திரை உண்டு. கிடங்குக்குள் போனால் "உள்ளே" என்றும், திரும்பினால் "வெளியே" என்றும் நேரத்தோடு காட்டும். பேட்டரி தீர்ந்தாலும் கடைசி எழுத்து அப்படியே நிற்கும்.

3. சாப்பாட்டு மணி அடித்தால் மேற்பார்வையாளர் ஆள் எண்ணுவதில்லை. கணினியில் ஒரே பொத்தானில் எல்லோரையும் "வெளியே" ஆக்கிவிட்டுப் பூட்டுவார். அன்று எங்கள் பதினொரு பேர் அட்டையும் மாறியது. கிடங்குச் சுவரைத் தாண்டி சிக்னல் போகாததால் அக்காவின் அட்டை மாறவில்லை. குளிரில் அதன் பேட்டரியும் செத்துவிட்டது. "உள்ளே 12.14" என்றே இன்றும் நிற்கிறது.

4. கணினியில் "வெளியே 12.30" என்று இருப்பதால், அக்கா திருட்டுத்தனமாக மறுபடி உள்ளே புகுந்ததாக நிர்வாகம் எழுதியிருக்கிறது. அட்டையைக் காட்டினேன். "அதுல என்ன இருந்தா என்னம்மா? சார்ஜ்ல போட்டா அதுவும் ஒழுங்கா 'வெளியே'ன்னு சொல்லிடும்" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா சொன்னது: "யார்கிட்டயும் குடுத்துடாதடி. நான் உள்ள இருந்தேன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

5. நாளை பத்து மணிக்குள் அட்டையை ஒப்படைக்காவிட்டால் இருவருக்கும் வேலை இல்லை என்று கடிதம் வந்துள்ளது. ஒப்படைத்தால் சார்ஜில் போடுவார்கள். கணினியின் சிக்னல் எட்டி அடுத்த நிமிடமே எழுத்து மாறிவிடும். கைபேசியில் எடுத்த படம் செல்லாது என்கிறார் தங்கள் எழுத்தர். திங்களன்று தந்த மனுவுக்கு ரசீது மட்டுமே கிடைத்தது. ஆகவே தாங்களே நேரில் பார்த்து, உறையிலிட்டு முத்திரை வைத்து, அட்டையைக் கைப்பற்ற வேண்டும்.

இடம்: தங்கள் அலுவலகப் படிக்கட்டு
நாள்: புதன்கிழமை, மாலை 4.10

(ஒப்பம்)
பதிவு எண் 318

பி.கு.: மணி 5.45. தங்கள் அறையைப் பூட்டிவிட்டார்கள். மனுவைக் காவலாளியிடம் தருகிறேன். அட்டையோடு காலை எட்டு மணிக்கு இதே படியில் இருப்பேன். பத்து மணிக்குள் வருவீர்களா, ஐயா?